கேரேஜில் எட்டு மாதம்: ஒரு பீர் மெஷினும் ஒரு வெண்கலப் பதக்கமும்

போன மார்ச்சில் எங்கள் தெருத் திருச்சிக்காரர் போன் செய்து, "அக்கா, உங்க கேரேஜ்ல கொஞ்சம் இடம் இருக்குமா?" என்றார். பழைய சோபா ஏதாவது இருக்கும் என்று நினைத்துச் சரி என்றேன். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கியது ஒரு பீர் மெஷின்.

சின்ன வாஷிங் மெஷின் உயரம். எவர்சில்வர் உடம்பு, முன்னால் தொடுதிரை, உள்ளே இரண்டு பம்பு, தானியம் போட ஒரு கூடை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட நான்கு குட்டிக் கூண்டுகள். புதிதாக வாங்கினால் 1,900 டாலர். யாரோ இரண்டே முறை ஓட்டிவிட்டு விற்றதை இவர் 650-க்குப் பிடித்திருந்தார். சமையலறையில் ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். ஆகவே ஒப்பந்தம்: இடம் என்னுடையது, மெஷின் அவருடையது, நான் வேண்டும்போது ஓட்டிக்கொள்ளலாம், அவர் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கைமாறி வந்த ஒரே ஒரு மெஷினை வைத்து ஒரு கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை. தவிர, இந்த வகை மெஷின்கள் எல்லாமே குணத்தில் அண்ணன் தம்பிகள்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் பொள்ளாச்சி, இருப்பது ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில். பத்து வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். கணவர் குடிக்கமாட்டார், ஆனால் பாட்டில் கழுவித் தருவார். என் சாமான் எல்லாம் சாதாரணம். பிரியாணி பார்ட்டிக்கு வாங்கிய ப்ரொபேன் அடுப்பு, 40 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், தானியத்தைக் கட்டிப்போட ஒரு நைலான் பை, ஒரு தெர்மாமீட்டர். பையில் போட்டுக் காய்ச்சும் இந்த முறையை ஆஸ்திரேலியாக்காரர்கள் பரப்பினார்கள். முதல் தடவைக்கு வேண்டியதை ஸ்டைன்பார்ட் கடையில் வாங்கினேன். 1918-இல் தொடங்கிய கடை அது. முதல் நாள் கவுன்ட்டரில் இருந்தவர் நான் எடுத்துவைத்த சாமானில் பாதியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "இது உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்றார். அந்த மனிதர்மேல் இன்றும் மரியாதை.

வீட்டில் காய்ச்சலாமா, போலீஸ் வராதா என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: இங்கே சட்டமே அனுமதிக்கிறது. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மட்டும் பெரியவராக இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். மிசிசிப்பியும் அலபாமாவும் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன. எங்கள் தாத்தா தோப்பில் அத்தனை தென்னை நின்றும் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை. சட்டத்துக்கு நியாயம் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

எங்கள் கூட்டத்தில் ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவரைப் பார்க்கும் பார்வை தனி. பாக்கெட் மாவு வாங்கி இட்லி சுடும் மருமகளை மாமியார் பார்ப்பாரே, அது. எனக்கும் அந்த இளக்காரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதல் சனிக்கிழமை. பேல் ஏல் என்ற பீர் வகை என்று முடிவு, நான் கண்ணை மூடிக்கொண்டே காய்ச்சக்கூடிய ஒன்று. நாலரைக் கிலோ பேல் மால்ட் (மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி), 300 கிராம் கிரிஸ்டல் மால்ட், கேஸ்கேட் ஹாப்ஸ். கேஸ்கேட் எங்கள் ஊர்ச் சரக்கு. இதே ஓரிகனில் கொர்வாலிஸ் ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கி 1972-இல் வெளியிட்டது. சாத்துக்குடித் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். உடைத்த மால்ட்டை 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். காய்ச்சுகிற நாளின் வேலை அவ்வளவுதான்.

திருச்சிக்காரர் தண்ணீர் ஊற்றினார், தானியத்தைக் கொட்டினார், கூண்டுகளில் ஹாப்ஸ் அடைத்தார், திரையைத் தொட்டார். மெஷின் ஒரு மெட்டுப் போட்டது. "அவ்வளவுதான் அக்கா, இனி நாலு மணி நேரம் நமக்கு வேலையில்ல" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போனில் ஒரு பச்சை டிக். மேஷ், அதாவது தானியம் ஊறுவது, நடக்கிறது, எல்லாம் சரி.

நாற்பதாவது நிமிடம் பம்பின் சத்தம் மாறியது. தண்ணீர் மோட்டார் காற்று இழுக்கும்போது ஒரு இரைச்சல் வருமே, அந்தச் சத்தம். ஊரில் போர்வெல் மோட்டாரோடு வளர்ந்தவளுக்கு அது தூக்கத்திலும் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் கூடைக்கு அடியில் மாவு அடைத்துக்கொண்டு, மேலே விழும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் விளிம்பு தாண்டி வழிகிறது. கேரேஜ் தரை முழுக்கப் பிசுபிசுவென்று சர்க்கரைத் தண்ணீர். இவர் போனைத் தூக்கிக் காட்டுகிறார்: அதில் இன்னும் பச்சை டிக். அடுத்த ஒரு வாரம் கேரேஜில் எறும்பு ஊர்வலம்.

தீர்வு சுலபம். உமி. ஆமாம், நெல் உமிதான். இரண்டு கைப்பிடி உமியைத் தானியத்தோடு கலந்தால் இடைவெளி விட்டுத் தண்ணீர் இறங்கும். இங்கே காய்ச்சுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எங்கள் ஊர் ரைஸ்மில் பின்னால் மலைபோல் குவிந்து கிடப்பதைப் பவுண்டுக்கு இரண்டு டாலர் கொடுத்து வாங்குகிறேன். அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் உமி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த இனிப்புத் தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். வெறும் தண்ணீரை 1 என்று வைத்தால், அன்றைக்கு வந்த வோர்ட்டின் அடர்த்தி 1.044. அதே தானியத்தை என் பாத்திரத்தில் போட்டால் 1.052 வரும். தானியத்தில் பத்தில் ஒன்றரைப் பங்கு சும்மா போனது. இரண்டாவது வாரம் என் தெர்மாமீட்டரைத் தானியத்துக்குள் சொருகிப் பார்த்தேன். திரையில் 67, தானியத்துக்குள் 63. ஏனென்றால் மெஷினின் சென்சார் இருப்பது சூடேற்றும் கம்பிக்குப் பக்கத்தில். தன் முகத்துக்கு நேரே இருக்கும் சூட்டைத்தான் அது அளக்கிறது. நாலு டிகிரி என்பது சின்ன விஷயமில்லை. 63-இல் ஊறினால் ஈஸ்ட் முழுசாகச் சாப்பிடக்கூடிய சர்க்கரை அதிகமாகும், பீர் வறண்டு மெலிந்து போகும். திரையில் 71 என்று வைத்தால் உள்ளே 67 வரும் என்று கண்டுபிடித்து, டேப்பில் எழுதி மெஷின்மேல் ஒட்டினேன். ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு இப்படி ஒரு துண்டுச்சீட்டு தேவைப்பட்டது.

அப்புறம் கழுவுவது. மெஷின் தானே கழுவிக்கொள்ளும் என்பதுதான் விளம்பரத்தில் கொட்டை எழுத்து. பவுடரைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் முக்கால் மணி நேரம் வெந்நீரைச் சுற்றவிட்டு, முடிந்தது என்று மெட்டுப் போடும். மூன்றாவது முறைக்குப் பிறகு மூடியைத் திறந்தால் புளித்த மோர் வாடை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினேன். பம்பிலிருந்து மேலே போகும் குழாய் ஒரு இடத்தில் வளைந்து தொங்குகிறது. அந்த வளைவில் தண்ணீர் வடியாமல் நின்று, உள்ளே பழுப்பாக ஒரு வழவழப்பு. உணவுக்கான சிலிகான் குழாய் 14 டாலருக்கு வாங்கி, நேராக வரும்படி வெட்டி மாட்டினேன். அதன் பிறகு வாடை இல்லை. என் பாத்திரத்தைக் கழுவ எனக்குப் பத்து நிமிடம், ஒரு ஸ்கிரப்பர்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சூட்டைப் படிப்படியாக ஏற்ற வேண்டிய வேலையில் இந்த மெஷின் என்னைத் தோற்கடித்துவிட்டது. ஜெர்மன் கோதுமை பீருக்கு முதலில் 45 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கிராம்பு வாசனைக்கு வழி உண்டாகும். பிறகுதான் 67-க்கு ஏற்ற வேண்டும். என் பாத்திரத்தில் இதைச் செய்வது தண்டனை. அடுப்பை ஏற்றி, கிண்டி, அணைத்து, அதற்குள் 50-ஐத் தாண்டி, ஐஸ் போட்டு என்று ஒரே கூத்து. மெஷின் சத்தமில்லாமல் செய்தது. ஜூனில் வந்த அந்தக் கோதுமை பீர், நான் பத்து வருடத்தில் காய்ச்சியதில் முதல் மூன்றுக்குள் வரும். இன்னொன்று: நாலே முக்கால் கிலோ தானியம் ஊறினால் பை பத்துக் கிலோ கனக்கும். அதைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து வடிப்பதில் என் வலது தோள் போன வருடமே புகார் கொடுத்துவிட்டது. மெஷினில் கூடையை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் போதும்.

ஆனால் என் பெரிய குறை இதிலெல்லாம் இல்லை. பீர் கெடுவது பெரும்பாலும் இந்த நாலு மணி நேரத்தில் நடப்பதே இல்லை. காய்ச்சுகிறவர்கள் சொல்லுவார்கள், நாம் செய்வது வோர்ட், பீரைச் செய்வது ஈஸ்ட் என்று. ஆறவைத்த பிறகு எந்தச் சூட்டில் இரண்டு வாரம் வைக்கிறோம், எத்தனை ஈஸ்ட் போடுகிறோம், பாட்டிலில் அடைக்கும்போது காற்று படுகிறதா, குழாய் சுத்தமா, இதில்தான் எல்லாம். மெஷின் 1,900 டாலருக்குச் செய்து தருவது சுலபமான பாதியை. கஷ்டமான பாதி வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் வாளியில், நம் தலையில்.

மே மாதம் அம்மா வந்திருந்தார். கேரேஜ் கதவைத் திறந்ததும், "ஏங்கண்ணு, ஹார்லிக்ஸா காச்சற?" என்றார். தப்பில்லை, ஹார்லிக்ஸும் மால்ட்தானே. மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் போர்வை சுற்றிவைத்திருந்த வாளியைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. மூடிமேல் காதை வைத்து, குமிழ் விடும் சத்தத்தைக் கேட்டு, "இதுக்குப் புளிக்கற சூடு பத்துமா?" என்றார். குளிர்காலத்தில் இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் இட்லி மாவு ஓவனுக்குள் விளக்குப் போட்டுத்தானே பொங்குகிறது. அவருக்கு அது பழகிய விஷயம். 18 டிகிரி போதும் அம்மா, அதற்கு மேல் போனால் வாழைப்பழ வாடை வரும் என்றேன். எது முக்கியமான பாத்திரம் என்று அவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

வைஃபை விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த மெஷின் கம்பெனி சர்வரோடு பேசினால்தான் புதுச் செய்முறையை ஏற்கும். இது வெறும் எரிச்சல் இல்லை, ஆபத்து. சியாட்டிலில் பிக்கோப்ரூ என்று ஒரு கம்பெனி இருந்தது. மைக்ரோசாஃப்டில் இருந்தவர் தொடங்கியது; 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி முதல் மெஷினைக் கொண்டுவந்தார்கள், அப்புறம் காபி மெஷின் மாதிரி பெட்டியைச் செருகிக் காய்ச்சும் சின்ன மாடல்கள். 2020 தொடக்கத்தில் கம்பெனி மூடப்பட்டது. சர்வர் இல்லையென்றால் அந்த மெஷின்கள் வெறும் எவர்சில்வர் பெட்டி. வாங்கினவர்களே சேர்ந்து ராஸ்ப்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில் ஒரு போலிச் சர்வரை எழுதி உயிர் கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்தின் நல்ல குணத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்ஜி கூட 2019-இல் லாஸ் வேகஸ் கண்காட்சியில் கேப்ஸ்யூல் போட்டுக் காய்ச்சும் ஒரு மெஷினைக் காட்டியது. என்னிடம் வந்தது இந்த இரண்டும் இல்லை. ஆனாலும் பிக்கோப்ரூ கதையைக் கேட்டதிலிருந்து, சர்வர் வேண்டும் என்று சொல்லும் எந்த அடுப்பையும் நான் நம்புவதில்லை.

ஆகஸ்டில் திருச்சிக்காரருக்குப் பதக்க ஆசை வந்தது.

வீட்டுப் பீர்ப் போட்டிகளைப் பற்றி எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய வருடம் ஒரு இங்கிலீஷ் போர்ட்டர் காய்ச்சினேன். கறுப்பு பீர், சாக்லேட் வாசம். ஒரே வாளி, ஒரே நாளில் அடைத்த பாட்டில்கள். மூன்று வார இடைவெளியில் இரண்டு போட்டிகளுக்கு அனுப்பினேன். ஒன்றில் 50-க்கு 38. இன்னொன்றில் இருபத்தாறரை. முதலாவதில், வறுத்த மணம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று குறிப்பு. இரண்டாவதில், வறுத்த மணம் தூக்கல், அமெரிக்கன் போர்ட்டர் பிரிவில் சேர்த்திருக்கலாம் என்று குறிப்பு. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி: ஒருவருக்குப் பெண் குள்ளம், மற்றவருக்கு நெட்டை.

எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அடுத்த போட்டிக்கு உதவியாளாகப் பெயர் கொடுத்துப் போனேன். பாட்டிலை எடுத்துவந்து மேசையில் வைப்பது, தாளைக் கூட்டிச் சரிபார்ப்பது நம் வேலை. ஒரு சமூகக்கூடம், காலை ஒன்பது மணி. மேசைக்கு இரண்டு நடுவர்கள். பாட்டிலில் லேபிள் கிடையாது, ரப்பர் பேண்டில் ஒரு எண் மட்டும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும், 1985-இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற அமைப்பின் முறை இது. நடுவராக வேண்டும் என்றால் தேர்வு எழுதி, அப்புறம் ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பீரை ருசித்து எழுத வேண்டும். எல்லோரும் சம்பளமில்லாமல் சனிக்கிழமையைக் கொடுத்து வந்தவர்கள். அவர்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை.

சந்தேகம் மூக்கின் மேல்தான். என் மேசைக்குப் பதினொரு பாட்டில். முதல் பாட்டிலுக்குப் பெரியவர் தாள் முழுக்க எழுதினார். ஒன்பதாவது பாட்டில் வந்தபோது அவர் தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டிருந்தார். மூக்கை மீட்டெடுக்க அவர்கள் செய்யும் வித்தை அது. அந்த ஒன்பதாவதுக்கு அவர் 36, பக்கத்தில் இருந்த இளைஞர் 27. இரண்டு பேருக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கக் கூடாது என்பது வழக்கம். பேச ஆரம்பித்தார்கள். இவர் கொஞ்சம் இறங்க, அவர் கொஞ்சம் ஏற, வாழைத்தார் பேரம் மாதிரி 32-க்கும் 30-க்கும் வந்து நின்றது. நான் கூட்டி எழுதினேன். அந்தத் தாள் வீட்டுக்குப் போகும்போது, காய்ச்சினவர் என்ன நினைப்பார்? இரண்டு பேரும் தனித்தனியாக ருசித்து ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான். பேரம் தாளில் இல்லை.

இது பீருக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், சின்ன ஒயின் ஆலை வைத்திருந்தவர். தன் ஒயினுக்கு ஒரு இடத்தில் தங்கமும் இன்னொரு இடத்தில் ஒன்றுமில்லாமலும் வருவது அவரை அரித்தது. 2005-லிருந்து மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில், நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டில் ஒயினை மூன்று தடவை ஊற்றிக் கொடுக்க வைத்தார். மூன்று தடவையும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதைப் படித்த அன்றைக்கு என் போர்ட்டருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டேன்.

இதையெல்லாம் திருச்சிக்காரரிடம் சொன்னேன். "இருக்கட்டும் அக்கா, பதக்கம் வந்தா சுவத்துல மாட்டலாம்ல" என்றார். மனிதர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சரி, அப்படியானால் ஒரு பரீட்சையாகவே வைத்துவிடலாம் என்றேன். ஒரே செய்முறை, ஒரே மூட்டை மால்ட், ஒரே ஈஸ்ட். அவர் மெஷினில், உமியும் துண்டுச்சீட்டுமாக. நான் பாத்திரத்தில். இரண்டு வாளியும் ஒரே மூலையில், ஒரே போர்வையில். அவர் பெயரில் அவருடையது, என் பெயரில் என்னுடையது, இரண்டும் பேல் ஏல் பிரிவுக்கு.

முடிவு அக்டோபரில் வந்தது. அவருக்கு 34, அந்தப் பிரிவில் மூன்றாம் இடம், வெண்கலம். எனக்கு 28. அவர் வாட்ஸ்அப்பில் போட்ட பதக்கப் படத்துக்கு முதல் ஆளாகக் கைதட்டல் பொம்மை போட்டேன். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய்.

என் தாளில் இரண்டு நடுவர்களும் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்கள்: பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டுவோமே, அந்தப் பிளாஸ்டர் வாடை. ஒருவர் இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தார், தண்ணீரைப் பாருங்கள் என்று. முதலில் சிரித்தேன். இதோ பார், இன்னொரு ஒன்பதாவது பாட்டில் மூக்கு என்று கணவரிடம் தாளை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்களே" என்று மட்டும் சொன்னார்.

போர்ட்லாந்துத் தண்ணீர் புல் ரன் காட்டு நீர்த்தேக்கத்திலிருந்து வருவது, இளநீர் மாதிரி மென்மை. காய்ச்சுகிறவர்களுக்கு வரம். ஆனால் மாநகராட்சி அதில் குளோரினோடு அமோனியாவும் சேர்ப்பதால் உண்டாகும் குளோரமின், கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் போகாது. மால்ட்டோடும் ஈஸ்ட்டோடும் சேர்ந்து இதே பிளாஸ்டர் வாடையைத்தான் கிளப்பும். அதற்குக் கேம்ப்டன் மாத்திரை என்று ஒன்று உண்டு. இருபது லிட்டருக்குக் கால் மாத்திரை, காசு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பத்து வருடமாகப் போடுகிறேன். அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். காலி. எப்போது தீர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. கோடையிலிருந்தே கை பழக்கத்தில் டப்பாவை எடுத்து, திறந்து, மூடி வைத்திருக்கிறேன் போல. திருச்சிக்காரரோ மெஷினுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று கடையில் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றியிருந்தார். அதற்கு நான் அவரைக் கிண்டல் வேறு செய்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவரை வரச்சொல்லி, என் பாட்டிலைத் திறந்து, குளிர் போகும் வரை கையில் வைத்திருந்து நீட்டினேன். முகர்ந்தார். தயங்கினார். "சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? ஊசி போடற ரூம் வாசம் வருது." நான் மறுபடியும் முகர்ந்தேன். எனக்கு அப்போதும் சாத்துக்குடித் தோல்தான் வந்தது. நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது என்பார்களே, அது என் மூக்கில் எத்தனை மாதமாக நடந்துகொண்டிருந்ததோ.

ஆகவே போட்டியைப் பற்றி இப்போது என் வழக்கம் இது. எண்ணைப் பார்ப்பதில்லை. நடுவர்கள் எழுதிய குறிப்பைப் பார்க்கிறேன். ஒருவர் மட்டும் சொன்னால் விட்டுவிடுகிறேன், இரண்டு பேர் கூடிப் பேசுவதற்கு முன்பே ஒரே குற்றத்தை எழுதியிருந்தால் அலமாரியைத் திறக்கிறேன். ஒரு நுழைவுக்குப் பத்து டாலரும் இரண்டு மூன்று பாட்டிலும் கொடுத்து, முன்பின் தெரியாத இரண்டு மூக்குகளை வாடகைக்கு எடுப்பதாக நினைத்தால் மலிவுதான். பதக்கத்துக்காக அனுப்புகிறவர் லாட்டரிச் சீட்டும் வாங்கலாம்.

மெஷினை வாங்கலாமா? தோள் போனவர், இடுப்பு போனவர், கோதுமை பீர் பைத்தியம், இவர்கள் கைமாறிய மெஷினாகப் பார்த்து வாங்கலாம், அதுவும் சர்வர் இல்லாமல் ஓடுமா என்று கேட்டுவிட்டு. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர் வாங்க வேண்டாம். பம்பின் சத்தம் மாறுவது காதில் விழாத ஒருவருக்குப் பச்சை டிக்தான் கடைசிச் சாட்சி, அது பொய் சொல்லும். கரண்டில் சூட்டை மட்டும் நிறுத்தித் தரும் சாதாரணக் கெட்டில்கள் நானூறு டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கின்றன. ஆன்வில் ஃபவுண்ட்ரி மாதிரி. தானியக் கூடை இருக்கும், கிண்டுவது, ஹாப்ஸ் போடுவது எல்லாம் நம் கை. தோளுக்காக நான் அடுத்து வாங்கப்போவது அப்படி ஒன்றைத்தான். மிச்சப் பணத்தை, வாளி வைக்கும் ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்கும் அதில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கும் போடுங்கள். பீர் மாறுவது அங்கேதான்.

திருச்சிக்காரர் நவம்பரில் மெஷினை விற்பனைக்குப் போட்டுவிட்டார். 400 டாலர். பதக்கம் வந்த பிறகு நண்பர்கள் எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்கிறார்களாம், இவருக்குப் போனை எடுத்துக் காட்டுவதைத் தவிர வேறு பதில் இல்லையாம். போன சனிக்கிழமை என் பாத்திரத்துப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார், தெர்மாமீட்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து என்னைப் படுத்தி எடுத்தார், கேம்ப்டன் போட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். நடுவில் வாங்க விரும்பும் ஒருவரிடமிருந்து செய்தி. எல்லாம் நன்றாக ஓடுகிறதா, தானே கழுவிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார்.

"அக்கா, என்ன எழுதட்டும்?"

குழாய் மாற்றினதை எழுது, 71 வைத்தால்தான் 67 வரும் என்று எழுது, உமி போடச் சொல்லு என்றேன். மூன்றையும் தட்டிவிட்டு, கடைசியில் பதக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்.